திருமணப் பதிவேடுகளும் ஊர் வரலாறும்

இங்கிலாந்தில் ஒவ்வொரு கோயிற்பங்கும் தன் எல்லைக்குள் நிகழும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவு செய்ய வேண்டுமென 1538இல் தாமஸ் குரோம்வெல் ஆணையிட்டார். அந்நாட்டுச் சிற்றூர்களின் குடும்ப வரலாற்றுக்கு அப்பதிவேடுகளே முதன்மைச் சான்றுகளாக அமைந்துள்ளன. கிழக்கிந்தியக் கம்பெனியார் வழியாக அவ்வழக்கம் சென்னைக்கும் வந்தது.

புனித ஜார்ஜ் கோட்டையிலுள்ள புனித மேரி தேவாலயம் 1680 அக்டோபர் 28 அன்று அர்ச்சிக்கப்பட்டது. அங்கு நடைபெற்ற முதல் திருமணம், அவ்வாண்டு நவம்பர் 4 அன்று எலிகு யேலுக்கும் கேத்தரின் ஹின்மர்சுக்கும் நிகழ்ந்ததாகும். கேத்தரின், கம்பெனி அலுவலர் ஜோசப் ஹின்மர்சின் கைம்பெண். கணவர் இறந்த ஆண்டிலேயே நிகழ்ந்த இம்மறுமணம், சிறிய ஆங்கிலேயக் குடியிருப்பில் சொத்தும் வணிகத் தொடர்பும் மணவுறவின் வழியே கைமாறியதை உணர்த்துகிறது. யேல் 1687இல் ஆளுநரானார். ஒரு பதிவின் நாளும் பெயருமே இத்தகைய சமூக வரலாற்றுக்கு வழிதிறக்கின்றன.

கோட்டைக்கு மேற்கேயுள்ள பருத்திப்பட்டு போன்ற ஊர்களுக்கு இவ்வாய்ப்பு இல்லை. 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறித்தவத் திருமணச் சட்டம் ஒரு சமயத்தாரை மட்டுமே தழுவியது. எல்லாச் சமயத்தாருக்கும் திருமணப் பதிவைத் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கியது 2009ஆம் ஆண்டுச் சட்டமே ஆகும்.

அதற்கு முற்பட்ட மணவுறவுகளை அறிய மொய்க் கணக்கு நோட்டு, மண ஓலை, பாகப்பிரிவினைப் பத்திரம் ஆகியன துணைபுரியும். மொய் எழுதியோரின் பெயர், ஊர், தொகை ஆகியவை ஒரு குடும்பத்தின் உறவுப் பரப்பைக் காட்டுவன. இவை வீட்டுப் பரண்களில் அழிந்துவருகின்றன. ஆகவே, இவற்றைத் தொகுத்துக் காப்பது ஊர் வரலாற்றாய்வின் உடனடிப் பணியாகும்.