பிளாஸ்டிக் உடம்பும் லாரிப் பட்டையும்

1963-இல் வந்த செவர்லே கார்வெட் ஸ்டிங் ரே கூபேயின் பின்கண்ணாடி ஒன்றல்ல, இரண்டு. நடுவில் உடம்பின் நிறத்திலேயே ஒரு பட்டி, முதுகெலும்பு மாதிரி கூரையிலிருந்து வால்வரை இறங்குகிறது. தள்ளி நின்று பார்த்தால் திருக்கை மீனின் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று தோன்றும். ஓட்டுகிறவருக்கோ, பின்னால் வரும் வண்டியை மறைக்கும் முட்டுக்கட்டை அது. பொறியாளர் ஜோரா அர்க்கஸ் டண்டாவ் அதை எடுத்துவிடச் சொன்னார். ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் தலைவர் பில் மிட்செல் மறுத்தார். அந்த ஆண்டு மிட்செல் ஜெயித்தார், 1964-இல் பட்டி போய்விட்டது. பழைய காரைப் புதுசாகக் காட்ட ஆசைப்பட்ட சிலர் தங்கள் காரின் பட்டியை அறுத்துவிட்டு ஒற்றைக் கண்ணாடி மாட்டிக்கொண்டார்கள். இன்று சேகரிப்பாளர்கள் விலையை அள்ளிக் கொடுப்பது பட்டி உள்ள காருக்குத்தான்.

கார்வெட் கெத்தான காரா, வெறும் பகட்டா என்ற சண்டைக்கு அமெரிக்காவில் எழுபது வயதாகிறது. அப்பல்லோ 12 விண்வெளி வீரர்கள் மூவரும் தங்க நிறமும் கறுப்புமாக ஒரே மாதிரி கார்வெட்டுகளில் வலம்வந்ததை ஒரு கட்சி நினைவுபடுத்தும். நரைத்த பிறகு இளமையைத் தேடுகிறவர்கள் வாங்கும் கார் என்று எதிர்க்கட்சி சிரிக்கும். ரசனைச் சண்டையில் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் கேலிக்காரர்கள் வழக்கமாக மூன்று குற்றச்சாட்டுகளை அடுக்குவார்கள்: உடம்பு பிளாஸ்டிக், அடியில் லாரிப் பட்டை ஸ்பிரிங், எஞ்சின் தாத்தா காலத்து புஷ்ராடு. வேடிக்கை என்னவென்றால், இந்தக் காரில் இயற்பியல் மிக அழகாக வேலை செய்யும் இடங்களும் இவைதான்.

பிளாஸ்டிக் என்பது உண்மையில் பிசினில் தோய்த்த கண்ணாடி இழை. இரும்புத் தகட்டை வளைக்கப் பெரிய அச்சுகள் வேண்டும். அவற்றைச் செய்யப் பணமும் காலமும் பிடிக்கும். மிச்சிகனின் ஃபிளின்ட் நகரில் 1953-இல் கையாலேயே கட்டிய 300 வெள்ளைக் கார்களுக்கு அது கட்டுப்படியாகாது. இழை உடம்பு துருப்பிடிக்காது. அதோடு வானொலி அலைகளையும் தடுக்காது. அதனால் ஆன்டெனாவை வெளியே நீட்டாமல் டிக்கி மூடிக்குள்ளேயே புதைத்தார்கள். இதன் மறுபக்கம் உடனே தலைகாட்டியது. இரும்பு பானட் தன்னால் அடைத்துவைக்கும் ஸ்பார்க் பிளக் இரைச்சல், இங்கே தடையில்லாமல் ரேடியோவுக்குள் கரகரத்தது. எஞ்சினின் மின்பொறிப் பகுதிக்குத் தனியாக உலோகக் கவசம் போட வேண்டியதாயிற்று. ரேடியோ வேண்டாம் என்று வாங்கியவர்களின் காரில் அந்தக் கவசமே கிடையாது. பழைய கார்வெட் அசலா என்று சோதிக்கிறவர்கள் இன்றும் பானட்டைத் திறந்து இதைப் பார்ப்பதுண்டு.

பட்டைக்கு வருவோம். 1963 காரின் பின் சக்கரங்கள் இரண்டும் தனித்தனியாக ஏறி இறங்கும். அன்றைய அமெரிக்கக் கார்களில் இது அபூர்வம். ஆனால் அவற்றைத் தாங்கியது, காருக்குக் குறுக்கே படுத்திருந்த இரும்புப் பட்டை அடுக்கு. 1981-இல் அதை எடுத்துவிட்டு, முதலில் தானியங்கி கியர் கார்களில், ஒற்றைக் கண்ணாடி இழைப் பட்டையைப் போட்டார்கள். எடை ஐந்தில் ஒரு பங்கானது. நாலு கிலோகூட இல்லை. இரும்பைவிட இழை எப்படி நல்ல ஸ்பிரிங் ஆகும்? விறைப்பாக நிற்பது தூணின் வேலை. ஸ்பிரிங்கின் வேலை, வளைந்து, ஆற்றலைச் சேர்த்துவைத்து, சேதமில்லாமல் திருப்பிக் கொடுப்பது. கண்ணாடி இழை இரும்பைவிட எளிதாக வளையும், முறிவதற்கு முன் வெகுதூரம் வளையும், எடையும் குறைவு. ஆகவே ஒவ்வொரு கிலோவிலும் அது தேக்கும் ஆற்றல் எஃகைவிடப் பல மடங்கு. அடுக்குப் பட்டைகள் ஒன்றோடொன்று உரசிச் சின்னக் குழியைக்கூட முதுகுக்குச் சொல்லும். ஒற்றைப் பட்டையில் உரச எதுவுமில்லை. 1984-இல் முன் சக்கரங்களுக்கும் அதுவே வந்தது. கேலி மட்டும் நிற்கவில்லை.

புஷ்ராடு, புல்லட் ஓட்டுகிறவர்களுக்குப் புதிதல்ல. V8 எஞ்சினில் இரண்டு வரிசை சிலிண்டர்கள் V போல விரிந்து நிற்கின்றன. வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டை அந்த இடுக்கில் ஒன்றே ஒன்றாக வைத்து, நீண்ட கம்பிகளால் மேலே தள்ளுவது கார்வெட்டின் வழி. வரிசைக்கு இரண்டாக நான்கு தண்டுகளைத் தலைக்கு மேலேயே பொருத்துவது ஐரோப்பியப் பந்தயக் கார்களின் வழி. அதில் எஞ்சின் வேகமாகச் சுழலலாம். புஷ்ராடில் கம்பிகளின் எடையும் சேர்ந்து ஆடுவதால், ஒரு வேகத்துக்கு மேல் வால்வை உரிய நேரத்தில் மூட ஸ்பிரிங்கால் முடியாது. அதை ஈடுகட்டக் கொள்ளளவைப் பெரிதாக்குவார்கள். உடனே எதிர்க்கட்சி, லிட்டருக்கு எத்தனை குதிரைத்திறன் என்று கணக்குக் கேட்கும். லிட்டர் என்பது சிலிண்டருக்குள் இருக்கும் காலியிடத்தின் அளவு; காலியிடத்துக்கு எடை ஏது? வெளியே குட்டையாக, லேசாக இருக்கிற எஞ்சினால் பானட் தாழ்கிறது, காரின் எடை மையமும் தாழ்கிறது. என் ஓட்டு இதில் புஷ்ராடுக்கு.

உண்மையான குறையைக் கேலிக்காரர்கள் அதிகம் பேசுவதில்லை. அது அழகுக்குள் ஒளிந்திருக்கிறது. ஸ்டிங் ரேயின் கூர்மூக்குக்கு அடியில் காற்று புகுந்து அழுத்தும்; மேலே வளைந்து ஓடும் காற்றின் அழுத்தமோ குறையும். அதிவேகத்தில் மூக்கு தூக்கும், ஸ்டியரிங் பிடிமானம் தளரும். படம் எடுக்கப் பிறந்த வளைவு, பந்தயத் தடத்தில் எதிரியானது.

எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைக்க வேண்டும் என்று பல ஆண்டுகள் போராடிய டண்டாவ் 1996-இல் காலமானார். அவர் கேட்ட மாற்றம் நடந்தது 2020 மாடலில். குறுக்குப் பட்டையும் அப்போதே விடைபெற்று, சுருள் ஸ்பிரிங் வந்தது. புஷ்ராடு மட்டும் 6.2 லிட்டர் எஞ்சினில் 495 குதிரைத்திறனோடு தொடர்ந்தது. 2023-இல் அதே காரின் இசட்06 வகைக்கு, நான்கு கேம் தண்டுகளோடு 5.5 லிட்டரில் 670 குதிரைத்திறன் தரும் எஞ்சின் கிடைத்தது. இப்போது கார்வெட் ரசிகர்கள் ஃபெராரிக்காரர்களை விட்டுவிட்டு, எது அசல் கார்வெட் என்று தங்களுக்குள்ளேயே மோதிக்கொள்கிறார்கள்.