எட்டு லட்டும் ஒரு தட்டும்

குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பதைப் போல எளிய வேலை வேறொன்றும் இல்லை என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். நம் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்டச் சிறப்பு முகாம் ஜெயங்கொண்டம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஏழு நாட்கள் நடைபெற்றபோது, மற்ற நண்பர்கள் மண்வெட்டியும் கூடையுமாக ஏரிக்கரைக்குச் செல்ல, என்னை மட்டும் அங்கன்வாடிக்கு அனுப்பினார்கள். கணிதம் படிக்கிற பையன், பிள்ளைகளுக்கு ஒன்று இரண்டு சொல்லித் தரட்டும் என்பது ஏற்பாடு. முதல் நாள் மாலையிலேயே, ஏரிக்கரையே மேல் என்று தோன்றிவிட்டது.

நான் கொண்டுபோன பாட்டு நாம் அனைவரும் அறிந்ததே. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் லட்டுப் பாட்டு. புதுக்கோட்டை மாவட்டம் இராயவரத்தில் 1922-இல் பிறந்து, வங்கியில் பணியாற்றிக்கொண்டே பிள்ளைகளுக்காக எழுதிக் குவித்து, 1989-இல் மறைந்தவர் அவர். ஒரு தட்டில் எட்டு லட்டு. அண்ணன் கிட்டு பாதியை எடுத்துக்கொள்கிறான். மீதியைத் தங்கை பட்டு தின்கிறாள். தட்டு காலி. கதை அவ்வளவுதான். ஆனால் அடிதோறும் 'ட்டு' என்றே முடியுமாறு கட்டியிருக்கிறார். அதற்குள் வட்டம் என்னும் வடிவம், எட்டு என்னும் எண், பாதி, மீதி, கடைசியில் சுழியம் வரை வந்துவிடுகின்றன. முதலாமாண்டுப் பாடத்தில்கூட இத்தனை சிக்கனத்தை நான் கண்டதில்லை.

நான் சொன்னேன், பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். பத்து முறை. கூரை அதிர்ந்தது. "நல்லாப் பாடுதுங்க தம்பி" என்றார் அங்கன்வாடி அக்கா. பெருமிதத்தோடு, "எட்டுல பாதி எத்தனை?" என்று கேட்டேன். அமைதி. ஒரு பையன் மட்டும் உரக்க, "லட்டு!" என்றான். இன்னொருவன் லட்டு வேண்டும் என்று அழத் தொடங்கிவிட்டான். அப்போதுதான் எனக்கு உறைத்தது: நானும் பெரம்பலூர்ப் பக்கம் ஒரு மையத்தில் இதே பாட்டை இப்படித்தான் பாடினேன். 'பாதி' என்பது எனக்குப் புரிந்தது மூன்றாம் வகுப்பில்.

அங்கன்வாடி என்பது சோறு போடும் இடம் மட்டுமே என்று நம்மில் பலர் நினைக்கிறோம். 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் சத்துணவு, தடுப்பூசி இவற்றோடு முன்பருவக் கல்வியும் சேர்ந்தே இருக்கிறது. ஆனால் அந்தக் கல்வியைப் பதினேழு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, எடையும் பார்த்து, பதிவேடும் எழுதிக்கொண்டே ஒருவர் நடத்த வேண்டும் என்பதை அருகிலிருந்து பார்த்தால்தான் தெரியும்.

அன்றிரவு அக்காவோடு கலந்து பேசி, மீதி நாட்களுக்கும் இந்த ஒரே பாட்டு போதும் என்று முடிவு செய்தேன். ஒவ்வொரு நாளும் ஒரு புது வாசல் வழியாக அதற்குள் நுழைவது என்று திட்டம்.

இரண்டாம் நாள் பாடவே இல்லை. ஏரிக் களிமண்ணை உருட்டி எட்டு உருண்டை செய்து, ஒரு தட்டில் வைத்தோம். கிட்டுவாக ஒருவன், பட்டுவாக ஒருத்தி. 'பாதி' என்ற சொல்லை நான் எடுக்கவில்லை. அவனுக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று என்று மாற்றி மாற்றி வைக்கச் சொன்னேன். வகுத்தல் என்பதே இந்தப் பங்கீடுதான் அன்றோ! தட்டு தீர்ந்தபோது இருவரிடமும் நான்கு நான்கு. பிறகு பட்டுவின் நான்கையும் சற்று அகலப் பரப்பி வைத்தேன். "பட்டுகிட்டதான் நெறைய!" என்று எல்லாரும் கூவினார்கள். சுவிட்சர்லாந்து அறிஞர் பியாஜே (1896–1980) கண்டறிந்த செய்தி இது. ஏறத்தாழ ஆறு ஏழு வயது வரை, நீண்ட வரிசையில்தான் அதிகம் என்று குழந்தை நம்பும். 'தப்பு' என்று சொல்லித் திருத்துவதில் பயனில்லை. ஒவ்வொன்றாக எதிரெதிரே நகர்த்தி வைக்க விட்டால், கை மெல்ல மெல்லக் கண்ணுக்குச் சொல்லிக் கொடுக்கும்.

மூன்றாம் நாள் படப் புத்தகம். எங்கள் வீட்டில் படம் உள்ள புத்தகம் எதுவும் இருந்ததில்லை. சுவரில் மாட்டிய நாட்காட்டிதான் எனக்குப் படப் புத்தகம். அந்த நினைவில், பழைய மாத நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தை எடுத்துக்கொண்டோம். பாட்டில் மூடியை வைத்து வட்டம் வரைந்தோம். முதல் பக்கத்தில் எட்டு லட்டு, அடுத்ததில் ஏழு, இப்படியே ஒன்பதாம் பக்கத்தில் வெறும் தட்டு. கோணி ஊசியால் தைத்தாயிற்று. பக்கம் புரட்டப் புரட்ட லட்டு குறைந்தது. நான் எதிர்பாராதது ஒன்று நடந்தது. ஒரு வாண்டு புத்தகத்தைப் பின்னாலிருந்து புரட்டி, "லட்டு திரும்பி வருது!" என்று கத்தியது. கழித்தலுக்காக நான் செய்த புத்தகத்தில் கூட்டலைக் கண்டுபிடித்தவன் அவன்தான். அதன்பின் யாரும் அதை முன்னாலிருந்து புரட்டவே இல்லை.

நான்காம் நாள் ஒலிக்கு ஒதுக்கப்பட்டது. ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் பிராட்லியும் பிரயண்டும் 1983-இல் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. எந்தெந்தச் சொற்கள் ஒத்து ஒலிக்கின்றன என்று நான்கைந்து வயதில் பிரித்தறியும் திறனுக்கும், பின்னால் எழுத்துக்கூட்டிப் படிப்பதற்கும் தொடர்பு உண்டு என்பது அதன் சாரம். ஆகவே பாயில் தட்டு, துட்டு, செம்பருத்தி மொட்டு, சிறு விறகுக் கட்டு இவற்றோடு செருப்பையும் கல்லையும் கலந்து வைத்து, 'லட்டு'வுக்குச் சொந்தக்காரர்களைப் பொறுக்கச் சொன்னேன். அதுவரை வாயே திறக்காத ஒரு சிறுமி வெளியே ஓடி, ஒரு முந்திரிக் கொட்டையைக் கொண்டுவந்து என் கையில் வைத்து, "கொட்டை" என்றாள். "இல்லம்மா, இது 'டை'ன்னு முடியுது பாரு" என்று திருப்பிக் கொடுத்தேன். அவள் அதைக் கீழே வைத்தாள். அன்று முழுதும் பேசவில்லை.

இரவு சாப்பாட்டின்போது இதைத் தமிழ்ப் பேராசிரியரிடம் சொன்னேன். "அடேய், எதுகை என்றால் என்ன?" என்றார். முதலெழுத்து அளவொத்து நிற்க, இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது எதுகை. தட்டு, கொட்டை இரண்டிலும் முதலெழுத்து குறில். இரண்டாம் எழுத்து 'ட்'. இறுதி ஒத்து வருவது இயைபு. நான் தேடியது இயைபு. அவள் கொண்டுவந்தது எதுகை. 'பாட்டு' என்று சொல்லியிருந்தால் நான் உடனே ஏற்றிருப்பேன். முதலெழுத்து நெடில் ஆதலால் எதுகை இலக்கணம்தான் அதை ஏற்காது! ஆங்கிலக் குழந்தைப் பாட்டை அளக்கும் கோலால் தமிழ்க் காதை அளந்துவிட்டேன். மறுநாள் காலை முதல் வேலையாக அந்தக் கொட்டையைத் தேடியெடுத்து, "உன்னோடதும் சேர்த்திதான்" என்று பாயில் வைத்தேன். அவள் சிரிக்கவில்லை. ஆனால் உள்ளே போய் 'கட்டை' ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தாள்.

ஆறாம் நாள் மெய்யான லட்டு. மையத்துச் சத்துமாவில் வெல்லம் சேர்த்து, நெல்லிக்காய் அளவில் அக்கா உருட்டித் தந்தார். இருவருக்கு ஒரு தட்டு, தட்டுக்கு எட்டு. மிஞ்சிய பதினேழாவது பிள்ளைக்கு நான் கூட்டாளி. இம்முறை யாரும் சொல்லாமலே பங்கீடு நடந்தது. பாட்டும் தானாக எழுந்தது. கடைசி அடிக்கு வந்தபோது தட்டுகள் காலி, ஒன்றைத் தவிர. கொட்டைக்காரி இரண்டைத் தின்றுவிட்டு இரண்டை அப்படியே வைத்திருந்தாள். "தம்பிக்கு" என்றாள். வீட்டில் ஒன்றரை வயதில் ஒரு தம்பி.

பிள்ளைகளுக்குள் வழக்கு எழுந்தது. பாட்டின்படி தட்டு காலியாக வேண்டுமே! அக்காதான் தீர்ப்புச் சொன்னார். புத்தகத்தில் பத்தாவதாக ஒரு பக்கம் தைத்து, அதில் இரண்டு லட்டு வரைந்தோம்.

புத்தகம் இப்போதும் அந்த மையத்தில்தான் இருக்கிறது. ஓரம் கிழிந்து இருமுறை தைத்தாகிவிட்டது என்று அக்கா தொலைபேசியில் சொன்னார். அடுத்து மாம்பழப் பாட்டுக்கு ஒன்று செய்து தரச் சொல்கிறார். அந்தப் பாட்டில் வருவது மல்கோவா. அந்த ஊர்ப் பிள்ளைகள் கையில் இருப்பதோ முந்திரிப்பழம். எதை வரைவது என்று இன்னும் முடிவாகவில்லை.