வெடித்தலும் உடைதலும்

வெடி, சிதறு, தெறி, உடை ஆகியன பொருளால் நெருங்கிய வினைகள். எனினும், ஒன்றன் இடத்தில் மற்றொன்று எப்போதும் பொருந்துவதில்லை. கோடையில் கரிசல் நிலம் வெடிக்கும்; முற்றிய பருத்திக்காயும் வெடிக்கும். இங்குப் பிளத்தலே பொருள், ஓசையில்லை. பட்டாசு வெடிக்கையில் ஓசையும் விரைவும் சேர்கின்றன. தாள் சிதறும், பொறி தெறிக்கும்.

நீர்ப்பெருக்கால் கரை வெடிப்பதில்லை, உடைகிறது. 2023 டிசம்பர்ப் பெருமழையில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் குளங்கள் பல உடைந்தன. 'கரை உடைந்தது' தன்வினை, செய்தவரைச் சுட்டாது. 'கரையை உடைத்தனர்' பிறவினை, செய்தவரைச் சுட்டும்.

'வெடி' என்னும் வினையில் இவ்வேறுபாடு வடிவில் தோன்றாது: பட்டாசு வெடித்தது, சிறுவன் பட்டாசு வெடித்தான். 'உடை' என்பதிலோ, நகரம் தகரமானால் பொறுப்பே மாறிவிடும். ஆதலின், செய்தி எழுதுவோர் வினையை ஆராய்ந்து ஆளுதல் வேண்டும்.