தோட்டத்து வானத்தைக் கடக்கும் எக்ஸ்ரே கண்

சிரம்பான், பகாவ், லாபு வட்டாரத் தோட்டங்களின் வானத்தை, சுமார் 650 கிலோமீட்டர் உயரத்தில், இந்தியச் செயற்கைக்கோள் ஒன்று நாளொன்றுக்குப் பத்து தடவைக்கு மேல் கடந்து போகிறது. 2024 ஜனவரி 1ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட 'எக்ஸ்போசாட்' அது. பூமத்திய ரேகையை ஒட்டியே சுற்றுவதால் நெகிரி செம்பிலான் அதன் பாதையில் விழுகிறது.

கருந்துளை எல்லாவற்றையும் விழுங்கும் என்று பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். ஆனால், விழப்போகும் பொருளில் ஒரு பகுதி உள்ளே போகாமல், ஒளியின் வேகத்தை நெருங்கிய வேகத்தில் தாரையாகப் பீய்ச்சியடிக்கப்படுவதும் உண்டு. அந்தத் துகள்களுக்கு இவ்வளவு வேகம் எப்படி வந்தது? நெடுநாள் கேள்வி இது.

இங்கேதான் தளவிளைவு ஒளி உதவுகிறது. துணி காயப்போடும் கயிற்றை மேலும் கீழும் உதறினால், எழும் அலை செங்குத்துப் பலகை வேலியின் இடுக்கில் நுழைந்து போய்விடும். பக்கவாட்டில் உதறினால் வேலி தடுத்துவிடும். சாதாரண ஒளியில் எல்லாத் திசை அதிர்வுகளும் கலந்திருக்கும். ஒரே திசையில் அதிர்வது தளவிளைவு ஒளி. போர்ட்டிக்சன் கடற்கரையில் போலராய்டு கண்ணாடி அணிந்தால் தண்ணீரின் கூச்சம் குறைவது இதனால்தான்.

காந்தப்புலத்தில் சுழன்றோடும் எலக்ட்ரான்கள் இத்தகைய ஒளியைத் தருகின்றன. புலம் ஒழுங்காக இருந்தால் தளவிளைவு அதிகம். குழம்பிக் கிடந்தால் குறைவு.

நாசா 2021 டிசம்பரில் ஏவிய 'ஐஎக்ஸ்பிஇ' தொலைநோக்கி, 2022 மார்ச்சில் 'மார்க்கேரியன் 501' என்ற விண்மீன் மண்டலத்தின் தாரையை நோக்கியது. தூரம் சுமார் 46 கோடி ஒளியாண்டு! எக்ஸ்ரேயில் தளவிளைவு சுமார் 10 விழுக்காடு. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஏறக்குறைய அதில் பாதிதான். விடை இந்த வித்தியாசத்தில் இருந்தது. எக்ஸ்ரே தரும் எலக்ட்ரான்கள் தங்கள் ஆற்றலை வெகு சீக்கிரம் இழந்துவிடும். ஆகவே, உந்தப்பட்ட இடத்தை விட்டு அவை அதிக தூரம் வந்திருக்க முடியாது. அந்த இடத்தில் புலம் ஒழுங்காக இருக்கிறது. தள்ளிப் போகப் போகக் கலைகிறது. தாரைக்குள் வேகமான பொருள் மெதுவான பொருளை மோதுகையில் எழும் அதிர்ச்சி அலையே துகள்களை உந்துகிறது என்ற விளக்கத்துக்கு இது பொருந்தி வந்தது.

எக்ஸ்போசாட்டின் 'போலிக்ஸ்' கருவி பெங்களூரு இராமன் ஆய்வுக் கழகத்தில் உருவானது. திருச்சியில் பிறந்த சர் சி.வி. இராமன் 1948இல் நிறுவிய அதே கழகம்தான். பெரிலியம் துண்டில் பட்ட எக்ஸ்ரே எந்தப் பக்கம் அதிகம் சிதறுகிறது என்று எண்ணுவதற்கு, அதைச் சுற்றி நான்கு உணர்கருவிகளைப் பொருத்தியிருக்கிறார்கள். ஐஎக்ஸ்பிஇ 2 முதல் 8 கிலோ எலக்ட்ரான்வோல்ட் வரைக்கும், போலிக்ஸ் 8 முதல் 30 வரைக்கும் வடிவமைக்கப்பட்டவை. வந்து சேரும் எக்ஸ்ரேயோ மிகச் சொற்பம். ஓர் அளவீட்டுக்கு ஒரே பொருளை நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில், பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.