ஷேக்ஸ்பியரின் மனைவி எந்த வீட்டுப் பெண்?

ஷேக்ஸ்பியரின் மனைவி ஆன் ஹாத்வேக்கு ஞானஸ்நானப் பதிவு கிடையாது. இங்கிலாந்தின் தேவாலயங்கள் பதிவேடு வைக்க வேண்டும் என்ற ஆணை 1538-இல் வந்தது. ஆனால் ஷேக்ஸ்பியரின் ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டின் பதிவேடு 1558-இல்தான் தொடங்குகிறது. ஆன் அதற்கு முன்பே பிறந்துவிட்டார். 1623-இல் 67 வயதில் இறந்தார் என்ற கல்லறை வாசகத்தை வைத்துத்தான் அவர் பிறந்த ஆண்டையே கணிக்கிறார்கள்.

பிறந்த வீட்டைக் காட்டித் தந்தவை உயில்கள். ஸ்ட்ராட்ஃபோர்டை அடுத்த ஷாட்டரி கிராமத்து விவசாயி ரிச்சர்ட் ஹாத்வே, 1581-இல் எழுதிய உயிலில், மகள் ஆக்னஸுக்குத் திருமண நாளில் ஒரு தொகை தரச் சொன்னார். அக்காலத்தில் ஆன் என்பவரையே ஆக்னஸ் என்றும் அழைப்பதுண்டு. மறு ஆண்டு நவம்பரில், ஆனின் திருமணத்துக்கு 40 பவுண்டு பிணை எழுதிக் கொடுத்த இருவரில், ஒருவர் அந்த உயிலின் மேற்பார்வையாளர். மற்றவர் அதன் சாட்சி.

என் மனத்தைத் தொட்டது 1601-ஆம் ஆண்டு உயில்தான். ரிச்சர்டிடம் ஆடு மேய்த்த தாமஸ் விட்டிங்டன், ஊர் ஏழைகளுக்கென 40 ஷில்லிங் விட்டுச் சென்றார். அந்தப் பணம் ஷேக்ஸ்பியரின் மனைவி ஆனிடம் இருப்பதாகவும் எழுதிவைத்தார். அப்பா வீட்டு மேய்ப்பருக்கும் மகளுக்கும் இடையே, திருமணமாகிப் பதினெட்டு ஆண்டுகள் கடந்தும் கொடுக்கல் வாங்கல் இருந்திருக்கிறது. ஷாட்டரி ஹாத்வே வீட்டோடு ஆனைச் சேர்க்கும் சாட்சிகளில் இதுவே உறுதியானது.