தாவத் தெரியாத தேவாங்கின் காடு

கரூருக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையில் வட்டமாகக் கிடக்கும் கடவூர் மலைகளைப் பார்த்து யாரும் வாய்பிளப்பதில்லை. உசில், வெள்வேல், முட்புதர், பாறை. கோடையில் பாதி மரங்கள் இலையில்லாமல் நிற்கும். ஆனால் இந்தியாவில் தேவாங்குக்கென்றே முதல் சரணாலயமாக 2022 அக்டோபரில் தமிழக அரசு அறிவித்தது இந்த வறண்ட காட்டைத்தான். பரப்பு 11,806 ஹெக்டேர்.

குரங்குக்கும் நமக்கும் தூரத்து உறவு தேவாங்கு. ஒரு சாண் உடம்பு, கால் கிலோவுக்கு முன்பின் எடை, குச்சிக் கைகால்கள், வால் கிடையாது. பகலில் அடர்ந்த கிளைகளுக்குள் சுருண்டு தூங்கும். இருட்டியதும் எறும்பு, கரையான், வண்டு என்று தேடித் தின்னும். பயிரைக் கெடுக்கும் பூச்சிகளும் அதில் அடக்கம். விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் இருப்பதால் சொற்ப வெளிச்சமே அதற்குப் போதும். டார்ச் அடித்தால் கண்கள் செந்தணலாய் மின்னும். சிறுநீரைக் கையிலும் காலிலும் தேய்த்துக்கொள்ளும் வினோதப் பழக்கமும் உண்டு. விஷப்பூச்சிகளின் எரிச்சலைத் தணிக்க என்கிறார்கள் சிலர். மணத்தால் தகவல் சொல்ல என்கிறார்கள் வேறு சிலர்.

இதற்குத் தாவத் தெரியாது என்பதுதான் முக்கியம். ஒரு கிளையைப் பிடித்தபடியே அடுத்ததை எட்டிப் பிடித்து, பிறகே முதல் பிடியை விடும். கைகால்களில் ரத்தக்குழாய்கள் மெல்லிய கற்றைகளாகப் பிரிந்திருப்பதால்தான் மணிக்கணக்கில் மரத்துப்போகாமல் பற்றியிருக்க முடிகிறது என்று கருதப்படுகிறது. ஆகவே கிளையோடு கிளை தொட்டுக்கொண்டிருந்தால்தான் தேவாங்குக்குப் பாதை உண்டு. சாலைக்காகவோ மின்கம்பிக்காகவோ நடுவில் நாலு மரம் போனால் அது தரையிறங்கியாக வேண்டும். தரையில் நாயும் லாரியும் காத்திருக்கின்றன.

மந்திரவாதத்துக்கும் பொய் மருந்துக்கும் இந்தப் பிராணியைப் பிடித்து வதைப்பவர்கள் இன்னும் இருப்பது நெஞ்சைச் சுடுகிறது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் புலி இருக்கும் அதே முதல் அட்டவணையில்தான் தேவாங்கும் இருக்கிறது. அதைப் பிடிப்பதும் விற்பதும் சிறைக்குரிய குற்றம்.

சட்டம் எட்டாத இடமும் ஒன்று உண்டு. சரணாலய எல்லை தேவாங்குக்குத் தெரியாது. காட்டோரத் தோட்டங்களுக்கும் அது வரும். அங்கே நெருக்கமாக வளர்ந்த கிளுவை வேலியும் வரப்போர மரங்களும் அதற்கு வழியாகின்றன. அந்த வேலியை வெட்டிவிட்டுக் கல்தூண் நட்டுக் கம்பி இழுக்கும்போது, பூச்சி தின்ன வந்த விலங்குக்குத் தோட்டத்துக்குள் வரும் வழி அறுந்துபோகிறது.