பத்துக்குப் பத்து அறையில் ஒரு குரல்

முல்லைத்தீவுப் பக்கம் கோவலன் கூத்தை முல்லைமோடிப் பாணியில் பாடுகிற அண்ணாவியாரின் குரல் களரியை விட்டுக் கிளம்பினால் கிளம்பியதுதான். திறந்த வெளியில் அதைத் திருப்பி அனுப்பச் சுவர் இல்லை. அதே அண்ணாவியாரைக் கல்வீட்டு அறையொன்றில் இருத்தி, விலைகூடிய மைக்கின் முன்னால் பாடச் சொல்லுங்கள். பதிவைப் போட்டுக் கேட்டால் குடத்துக்குள் இருந்து பாடுவதுபோல இருக்கும். பலர் உடனே மைக்கைக் குறை சொல்வார்கள். குறை அறையில் இருக்கிறது.

வன்னியின் 30 பாகை வெப்பத்தில் ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 349 மீற்றர் ஓடுகிறது. பத்தடி அகல அறையைக் கடக்க அதற்கு ஒரு செக்கனின் நூறில் ஒரு பங்குகூட வேண்டாம். ஒரு சொல்லை உச்சரித்து முடிப்பதற்குள் அது சுவருக்குச் சுவர் பல தடவை மோதித் திரும்பி, அடுத்த சொல்லின் மேல் விழுந்துவிடும். நேரில் கேட்கும்போது இது நம்மைத் தொந்தரவு செய்வதில்லை. இரண்டு காதுகளிலும் வந்து சேரும் ஒலியை ஒப்பிட்டு, முதலில் வந்ததைப் பிடித்துக்கொண்டு, பின்னால் வருவதை மூளை அடக்கிவிடுகிறது. நாம் அறியாமலே நடக்கும் அற்புதமான வேலை இது. ஒற்றை மைக்குக்கு அந்த மூளை இல்லை. வந்ததையெல்லாம் அப்படியே பதிந்துவிடும்.

இந்தத் தங்கும் ஒலியை முதலில் கணக்குக்குள் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழக இயற்பியலாளர் வாலஸ் சபீன். 1895இல், அங்கே புதிதாகக் கட்டிய விரிவுரை மண்டபமொன்றில் பேச்சு விளங்கவில்லை என்று, அதைத் திருத்தும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார்கள். பேசிய ஒலி அடங்க ஐந்தரைச் செக்கன் எடுத்தது. பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து, ஒவ்வொரு முறையும் கூடுதலாகப் பரப்பி, ஓர்கன் குழாயை ஊதி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். கிடைத்த விதி எளிமையானது: மீற்றர்க் கணக்கில் அறையின் கனவளவை மொத்த உறிஞ்சலால் வகுத்து 0.161 ஆல் பெருக்கினால், ஒலி அடங்கும் நேரம் செக்கனில் வரும்.

நம் அறைக்குப் போட்டுப் பார்ப்போம். போருக்குப் பின் இந்திய உதவித் திட்டத்தில் வன்னியில் எழுந்த வீடுகள் 550 சதுர அடி. அந்த அளவு வீட்டில் பத்துக்குப் பத்து அறை கிடைப்பதே பெரிய விஷயம். உயரமும் பத்தடி, ஆறு பக்கமும் சீமெந்து என்று வைத்தால் கனவளவு 28 கனமீற்றர். சீமெந்துப் பூச்சு தன்மேல் விழும் ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்குதான் உறிஞ்சும். விடை ஏறக்குறைய 2.7 செக்கன்! குரல் பதிவுக்கு வேண்டியது 0.3 செக்கன் அளவு. அதற்கு நன்றாக உறிஞ்சும் பொருள் 165 சதுர அடிக்கு வேண்டும். அறையின் மொத்தப் பரப்பில் கால்வாசிக்குச் சற்றுக் கூட.

எதை ஒட்டுவது? முட்டை மட்டையை ஒட்டிவிட்டு ஸ்டூடியோ என்கிறவர்களைப் பார்க்கக் கவலையாக இருக்கிறது. மெல்லிய பொருள் கீச்சொலிகளை மட்டும் கொஞ்சம் குறைக்கும். ஆண்குரலின் அடிக்கனமும் மத்தளத்தின் தொப்பிப் பக்கமும் அப்படியே நிற்கும். ஓர் ஒலியின் அலைநீளத்தில் கால்பங்கு தடிப்பு இருந்தால் உறிஞ்சல் நன்றாக இருக்கும். 1000 ஹேர்ட்ஸ் ஒலிக்கு அது ஒன்பது சென்ரிமீற்றர். 100 ஹேர்ட்ஸுக்கு 87 சென்ரிமீற்றர். ஆகவே தடிப்புத்தான் முக்கியம். பெரிய ஸ்டூடியோக்களில் பாறைக் கம்பளி அடைப்பார்கள். நம்மிடம் தென்னந்தும்பு இருக்கிறது. நாலு அங்குலத் தும்பு மெத்தையை மரச்சட்டத்தில் இறுக்கி, சாக்குத் துணியால் மூடி, சுவரிலிருந்து நாலு அங்குலம் தள்ளி மாட்டினால், பின்னாலிருக்கும் காற்றிடைவெளியும் சேர்ந்து வேலை செய்யும். ஆனால் பொலித்தீனால் மூடாதீர்கள், கீச்சொலி அதில் பட்டுத் திரும்பிவிடும். தும்பு எரியும் பொருள். பிளக் பொயின்ற் பக்கம் வைக்கவே கூடாது.

பத்தடிக் கனசதுரத்துக்கு இன்னொரு கேடும் உண்டு. எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே 57, 114, 171 ஹேர்ட்ஸ் என்ற சுருதிகள் நின்று அதிரும். மூன்று திசையும் ஒரே அளவென்றால் மூன்றும் அதே சுருதிகளில் அதிர்ந்து ஒன்றையொன்று தூக்கிவிடும். சாதாரண ஆண்குரலின் பேச்சுச் சுருதி 114க்கு மிக அருகில் விழுகிறது. அறையின் நட்டநடுவில் 57உம் 171உம் மறைந்துபோக, 114 மட்டும் உச்சமாக நிற்கும். பாடுபவரை நாம் வழக்கமாக இருத்துவது அந்த நடுவிலேதான். அவரை ஒருபக்கம் தள்ளி இருத்துவதற்குச் செலவு இல்லை. புதிதாகக் கட்டுகிறவர்கள் ஒன்பதடி உயரம், பத்தேகால் அடி அகலம், பன்னிரண்டரை அடி நீளம் என்று அளவுகளை விலக்கி வைத்தால் அதிர்வுகள் பிரிந்து பரவும்.

வெளிச்சத்தத்தைத் தடுப்பது வேறு வேலை. தும்பு அதற்கு உதவாது. எடையும் அடைப்பும் வேண்டும். சுவரின் பரப்பில் நூறில் ஒரு பங்கு திறந்திருந்தால், மிச்சச் சுவர் எவ்வளவு தடித்தாலும் 20 டெசிபெலுக்கு மேல் தடுபடாது. ஓட்டுக்கூரை வீட்டில் சுவருக்கும் கூரைக்கும் நடுவே இருக்கும் இடைவெளியே போதும், வீதியில் போகும் லான்ட்மாஸ்டர் முழுதாக உள்ளே வரும். தகரக்கூரையில் மாரிமழை விழும்போது பதிவை நினைத்தும் பார்க்க வேண்டாம். கோடையில், காற்று விழுந்த இரவில், ஃபேனை நிறுத்திவிட்டுப் பதிவதே குறைந்த செலவில் கிடைக்கும் அமைதி.

கையில் ஒரு தொகை இருந்தால் அதில் பாதிக்கு மேல் அறைக்குப் போகட்டும் என்பேன். திருத்திய அறையில் சாதாரண மைக் நல்ல பதிவு தரும். திருத்தாத அறையில் எந்த மைக்கும் தராது. உங்கள் ஊரில் கூத்துப் பாட்டை முழுதாகப் பாடத் தெரிந்த முதியவர் இருந்தால், சட்டங்களை அடித்து மாட்டி, வரும் மாரிக்கு முன்னர் அவரை அழைத்துப் பதிந்துவிடுங்கள்.